நிறுவியின் வீண் கேள்விகள்

மதுரையிலிருந்து திருச்சி போகும் நாற்கரச் சாலையில், மேலூரைத் தாண்டிக் கொஞ்ச நேரத்தில் கொட்டாம்பட்டி வந்துவிடும். ஊராட்சி ஒன்றியத்தின் தலைமையிடம். 2011 செப்டம்பர் 15 அன்று தமிழ்நாட்டு அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியபின், இதுபோன்ற ஊர்களின் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் கைக்கும் கணினி வந்து சேர்ந்தது. அதில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. டெபியன் என்ற லினக்ஸ் வினியோகத்தை அடித்தளமாக வைத்து சி-டாக் நிறுவனம் உருவாக்கிய இயங்குதளம் அது. பலர் அந்தப் பக்கம் போனதே இல்லை. போனவர்களில் ஒரு மாணவரை நினைத்துக்கொள்வோம். படம் வரைய ஒரு சின்ன மென்பொருள் வேண்டும். வீட்டில் இணைய இணைப்பு இல்லை. அண்ணனின் கைப்பேசியில் ஹாட்ஸ்பாட் போட்டு, நிறுவச் சொல்லிக் கட்டளை தட்டுகிறார். திரையில் பதில் வருகிறது: இதோடு சேர்த்து இன்னும் இத்தனை பொதிகளையும் (பேக்கேஜ்களையும்) நிறுவ வேண்டும், இத்தனை மெகாபைட் இறக்க வேண்டும், சரியா?

கேட்டது ஒன்று, வருவது ஒரு கூட்டம். அன்றைய டேட்டா அதிலேயே தீர்ந்துவிடும். இவ்வளவும் உண்மையிலேயே வேண்டுமா என்று அந்த மாணவருக்குச் சந்தேகம் வந்தால் அது நியாயமான சந்தேகம். பல நேரங்களில் வேண்டியதில்லை.

எந்த மென்பொருளும் தன்னந்தனியாக ஓடுவதில்லை. திரையில் எழுத்தை வரைய ஒரு நூலகம், படத்தைச் சுருக்க ஒரு நூலகம், இணையத்தோடு பேச இன்னொன்று. இவற்றை ஒவ்வொருவரும் புதிதாக எழுதிக்கொண்டிருக்காமல் பொதுவாக வைத்துப் பகிர்ந்துகொள்கிறார்கள். ஆகவே ஒவ்வொரு பொதியும் ‘நான் ஓட இன்னின்ன வேண்டும்’ என்ற பட்டியலைச் சுமந்துகொண்டு வரும். அந்தப் பட்டியலில் உள்ளவைதான் சார்புகள், அதாவது டிபென்டென்சிகள். 1993-ல் இயன் மர்டாக் தொடங்கிய டெபியனில் இந்தப் பட்டியலைப் படித்துச் சரிபார்க்கும் வேலையை டிபிகேஜி என்ற கருவி செய்தது. பட்டியலில் ஒன்று குறைந்தாலும் அந்தப் பொதியை முழுமையாக நிறுவித் தராது. குறைவதைத் தேடிக் கொண்டுவருவது நம் பாடு. அந்தக் காலத்தில் பிசிக்வெஸ்ட் இதழோடு வந்த குறுவட்டிலிருந்து லினக்ஸ் போட்டுப் பழகியவர்களைக் கேட்டால் சொல்வார்கள்: ஒரு பொதியை நிறுவப் போனால் இன்னொன்று இல்லையென்று நிற்கும், அதைத் தேடிப் பிடித்து வந்தால் அது மூன்றாவதைக் கேட்கும்.

1999 மார்ச்சில் வெளியான டெபியன் 2.1-ல் ஆப்ட் என்ற கருவி சேர்ந்தது. குறைவதை அதுவே இணையத்தில் தேடி, இறக்கி, வரிசைப்படுத்தி நிறுவிவிடும். அலைச்சல் ஒழிந்தது. ஆனால் அலைச்சலோடு ஒரு கட்டுப்பாடும் ஒழிந்தது என்பேன். பட்டியலில் ஒரு பெயர் கூடினால் யாரோ ஒருவர் அதற்காகத் திண்டாடுவார் என்ற நிலை இருந்தவரை, பொதியைத் தயாரிப்பவர் யோசித்துச் சேர்த்தார். கருவியே கொண்டுவந்து கொடுத்துவிடும் என்றானபின் சேர்ப்பதற்குக் கூச்சம் இல்லை. 2023 ஜூனில் வந்த டெபியன் 12-ல் 64,419 பொதிகள். ஒவ்வொன்றும் தன் பட்டியலோடு நிற்கிறது.

இந்தப் பட்டியலை எழுதுவது யார்? பாதி மனிதர், பாதி கருவி. டெபியனில் டிபிகேஜி-ஷ்லிப்டெப்ஸ் என்றொரு கருவி உண்டு. தயாரான நிரல்கோப்பைத் திறந்து, அதற்குள் எந்தெந்த நூலகங்களின் பெயர் குறிக்கப்பட்டிருக்கிறது என்று பார்த்து, அவற்றையெல்லாம் சார்பாக எழுதிவிடும். கணக்குச் சரிதான். சிக்கல் அதற்கு முந்தைய படியில் இருக்கிறது. நிரலைத் தொகுக்கும்போது எந்த நூலகங்களோடு இணைப்பது என்ற கட்டளை வரியைப் பலர் பழைய திட்டத்திலிருந்து அப்படியே எடுத்து ஒட்டுகிறார்கள். எட்டு நூலகங்களோடு இணைக்கப்பட்ட நிரல் உண்மையில் மூன்றைத்தான் கூப்பிடும். மற்ற ஐந்திலிருந்து ஒரு செயல்கூறைக்கூட அது தொடுவதில்லை. ஆனாலும் பெயர் கோப்பில் ஏறிவிட்டது. ஏறியதால் பட்டியலுக்கு வந்துவிட்டது. பட்டியலில் இருப்பதால் ஆப்ட் கேட்கிறது. இது டிபிகேஜி-ஷ்லிப்டெப்ஸுக்கே தெரியும். இந்த நூலகத்தின் ஒரு குறியீட்டைக்கூட நிரல் பயன்படுத்தவில்லை, இணைக்காமல் இருந்திருந்தால் வீண் சார்பைத் தவிர்த்திருக்கலாம் என்ற பொருளில் எச்சரிக்கை வரி ஒன்றை அது அச்சிடும். ஆயிரம் வரிகள் ஓடும் தொகுப்புப் பதிவில் அதை யார் படிக்கிறார்கள்?

இதற்கு மருந்தும் வந்துவிட்டது. தேவையானதோடு மட்டும் இணை என்று இணைப்பானுக்குச் சொல்லும் ‘ஆஸ்-நீடட்’ என்ற விருப்பத்தை, டெபியன் வழிவந்த உபுண்டு 2011-ல் இயல்புநிலை ஆக்கியது. ஆனால் அந்த மருந்து இந்த ஒரு வகை நோய்க்குத்தான்.

மனிதர் எழுதும் பாதியில் வேறு கதை. டெபியனில் சார்புகளுக்குப் படிநிலை உண்டு: இல்லாவிட்டால் ஓடவே ஓடாது என்பது ஒன்று, இருந்தால் பெரும்பாலோருக்கு நல்லது என்ற பரிந்துரை இன்னொன்று, விரும்பினால் பார்க்கலாம் என்ற யோசனை மூன்றாவது. 2009-ல் வந்த டெபியன் 5.0 முதல், பரிந்துரைகளையும் ஆப்ட் கேளாமலே நிறுவத் தொடங்கியது. மேசைக் கணினியில் புதிதாக உட்காருபவருக்கு அது நன்மைதான், மறுக்கவில்லை. ஆனால் சர்வர்களுக்கும் கன்டெய்னர்களுக்கும் நிறுவல் வரி எழுதுபவர்கள் இன்று அனிச்சையாகவே ‘பரிந்துரை வேண்டாம்’ என்ற விருப்பத்தைச் சேர்த்து எழுதுகிறார்கள். இயல்புநிலையை நிபுணர்கள் இப்படி மறுத்துக்கொண்டே இருக்க, அதை மறுக்கத் தெரியாத நம் மாணவர்தான் முழு விலையையும் கொடுக்கிறார்.

டேட்டாவில் மட்டுமா விலை? சார்புகளைச் சரிபார்ப்பதே கடினமான கணக்கு. அ-வுக்கு ஆ அல்லது இ வேண்டும், ஆ-வும் ஈ-யும் சேர்ந்து இருக்கக் கூடாது, இ-க்கு ஈ-யின் புதிய பதிப்பு வேண்டும் என்று நிபந்தனைகள் பின்னிக்கொள்ளும். 30 இடங்களில் ‘இதுவா அதுவா’ என்ற தேர்வு வந்தால் சாத்தியங்கள் 107 கோடிக்கு மேல். 2006-ல் ஐரோப்பாவின் எடாஸ் திட்ட ஆய்வாளர்கள், ஒரு பொதியை நிறுவ முடியுமா என்ற கேள்வி கணினியியலின் புகழ்பெற்ற கடினக் கணக்குகளான என்பி-முழுமை வகையைச் சேர்ந்தது என்று நிறுவிக் காட்டினார்கள். நடைமுறையில் இவ்வளவு மோசமில்லை. நல்ல தீர்வுநிரல்கள் நொடிகளில் விடை சொல்லிவிடுகின்றன. ஆனால் ஒவ்வொரு வீண் நிபந்தனையும் அந்தச் சிக்கலில் இன்னொரு முடிச்சு.

பைத்தான் உலகத்தில் இந்த முடிச்சு வெகுநாள் கண்ணுக்குத் தெரிந்தது. அங்கே பொதிகளை நிறுவும் கருவி பிப். 2020 நவம்பரில் வந்த பிப் 20.3, முரண்படும் பதிப்புகளை முறையாகத் தவிர்க்கும் புதிய தீர்வுமுறையைக் கொண்டுவந்தது. ஒரு பதிப்பு ஒத்துவரவில்லையென்றால் அதற்கு முந்தையதைப் பார்க்கும், அதுவும் இல்லையென்றால் அதற்கும் முந்தையதை. இதில் என்ன வேடிக்கையென்றால், ஒரு பொதியின் சார்புப் பட்டியலைப் படிக்க, பல நேரம் அந்தப் பொதியையே முழுதாக இறக்க வேண்டியிருந்தது. பட்டியல் சில வரிதான். பொதியோ சில நூறு மெகாபைட்கூட இருக்கும். படித்துப் பார்த்து, இது ஒத்துவராது என்று தூக்கிப்போட்டுவிட்டு அடுத்ததை இறக்கும். பெங்களூரு அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு இது ஒரு தேநீர் நேரம். கைப்பேசி இணைப்பில் இருப்பவருக்கு ஒரு நாள் ஒதுக்கீடு. பட்டியலைத் தனியாக ஒரு சிறு கோப்பாகவே கொடுத்துவிடலாம் என்ற முன்மொழிவு 2021-ல் எழுதப்பட்டது. பைத்தான் பொதிகளின் களஞ்சியமான பைபிஐ 2023-ல் அதைச் செயல்படுத்தியது. சோதனை அப்படியே இருக்கிறது, சோதனைக்கான செலவு மட்டும் குறைந்தது. இப்படியும் செய்யலாம் என்பதற்கு நல்ல உதாரணம்.

ஆனால் சில சோதனைகளைச் சிக்கனமாக்கிப் பயனில்லை. கேள்வியே தப்பாக இருக்கும். சான்றிதழ் வாங்க அலைந்தவர்களுக்கு இது எளிதில் புரியும். படிக்கும் பிள்ளைக்கு உதவித்தொகை கொடுக்க வேண்டுமா என்று முடிவுசெய்ய வேண்டிய விஷயம் குடும்ப வருமானம். ஆனால் படிவம் கேட்பது வருமானத்தை அல்ல, குறிப்பிட்ட தேதிக்குப்பின் குறிப்பிட்ட வடிவில் வாங்கிய ஒரு காகிதத்தை. வருமானம் அதேதான், காகிதத்தின் தேதி தப்பு என்றால் விண்ணப்பம் நின்றுவிடும். நிறுவும் கருவிகளும் இப்படித்தான் விஷயத்தை விட்டுவிட்டு அதன் அடையாளத்தைக் கேட்கின்றன. அந்த அடையாளம் பெரும்பாலும் பதிப்பு எண்.

விண்டோஸ் 7-ன் உள்எண் 7 அல்ல, 6.1. அதற்கு முந்தைய விஸ்டா 6.0. முதன்மை எண்ணை மாற்றினால், ‘6 இருக்கிறதா’ என்று மட்டும் பார்க்கும் பழைய மென்பொருள்கள் ஓட மறுத்துவிடும் என்பதால் அப்படியே வைத்தோம் என்று மைக்ரோசாஃப்ட் 2008-லேயே விளக்கியது. விண்டோஸ் 8.1 ஒரு படி மேலே போனது: தன்னைப் பற்றித் தெரியும் என்று முன்கூட்டி அறிவிக்காத மென்பொருள் பதிப்பைக் கேட்டால், ‘நான் விண்டோஸ் 8’ என்று பொய் சொல்லும். ஆப்பிளும் சளைத்ததில்லை. 2020-ல் வந்த மேக்ஓஎஸ் 11, பழைய மென்பொருள்களிடம் தன்னை 10.16 என்று அறிமுகப்படுத்திக்கொண்டது. அடுத்த ஆண்டு பைத்தான் 3.10 வந்தபோது, பதிப்பெண்ணின் முதல் மூன்று எழுத்தை மட்டும் வெட்டிப் பார்த்த நிரல்களுக்கு அது 3.1 என்று தெரிந்தது. பத்தாண்டுக்கு முந்தைய பைத்தான் என்று நினைத்து அவை வேலைநிறுத்தம் செய்தன. உலகத்தின் மிகப் பெரிய மென்பொருள் நிறுவனங்கள் தங்கள் படைப்பின் வயதை மறைக்க வேண்டியிருந்ததென்றால், கேட்கப்பட்ட கேள்வி எவ்வளவு மட்டமானது என்று பாருங்கள்.

இவ்வளவு தெரிந்தும் சோதனைகளை யாரும் நீக்குவதில்லை. ஏன் என்பது எனக்குப் பெரிய புதிராகத் தெரியவில்லை. ஒரு சோதனையைச் சேர்ப்பவருக்கு அன்றைக்கு நடந்த ஒரு கோளாறு நினைவில் இருக்கும். நாலு வரி எழுதிச் சேர்த்துவிட்டு நிம்மதியாகப் போய்விடுவார். நீக்க நினைப்பவருக்கு அந்தக் கோளாறு தெரியாது. நீக்கியபின் ஏதாவது உடைந்தால் பழி அவர் தலையில். சேர்த்துவைத்திருந்தால் வீணாகும் நேரத்துக்கு யாரும் பழி சொல்லப்போவதில்லை.

இதற்கு உலகின் மிகப் பெரிய அருங்காட்சியகம் ஆட்டோகான்ஃப். டேவிட் மெக்கன்சி 1991-ல் எழுதத் தொடங்கிய கருவி. யுனிக்ஸ் கணினிகள் நிறுவனத்துக்கு ஒரு விதமாக இருந்த காலம் அது. நிரலைத் தொகுக்கும் முன் ‘கன்ஃபிகர்’ என்ற கட்டளையை ஓட்டினால் இந்தக் கணினியில் அது இருக்கிறதா, இது இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகச் சோதித்துத் திரையில் எழுதிக்கொண்டே போகும். அன்றைக்கு ஒவ்வொரு கேள்விக்கும் பொருள் இருந்தது. 1989-ல் சி மொழிக்குத் தரம் வகுத்தாகிவிட்டது. அந்தத் தரத்தில் உள்ள அடிப்படைக் கோப்புகள் இல்லாத கணினியை இன்று தேடினாலும் கிடைக்காது. ஆனாலும் இன்று காலை எங்கோ ஒரு சர்வரில் கன்ஃபிகர் ஓடி, அந்தக் கோப்புகள் இருக்கின்றனவா என்று கேட்டு, ‘ஆம், ஆம், ஆம்’ என்று எழுதியிருக்கும். சின்ன நிரலைத் தொகுக்கும் நேரத்தைவிட இந்த விசாரணைக்கு ஆகும் நேரம் கூடுதலாக இருப்பது சாதாரணம்.

வீண் சோதனை நேரத்தை மட்டும் தின்றால் பொறுத்துக்கொள்ளலாம். அது மனிதர்களைப் பழக்கியும் விடுகிறது. ஒரு கணக்குப் போடுவோம். 1,000 நிறுவல்களில் 20-ல் உண்மையிலேயே ஏதோ குறைகிறது, நிறுவினால் உடையும். சோதனை அந்த 20-ஐயும் தவறாமல் பிடிக்கிறது. கூடவே, ஒரு சிக்கலும் இல்லாத 180 நிறுவல்களையும் அது நிறுத்துகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒன்றைக்கூட விடாமல் பிடிக்கும் சோதனை என்று இதைப் புகழலாம். ஆனால் அதன் எதிரில் உட்கார்ந்திருப்பவருக்கு, வரும் பத்து தடைகளில் ஒன்பது பொய். சில வாரத்தில் அவர் என்ன கற்றுக்கொள்வார்? ‘ஃபோர்ஸ்’ என்று ஒரு சொல்லைச் சேர்த்தால் எல்லாம் ஓடும் என்று கற்றுக்கொள்வார். அடுத்து உண்மையான தடை வரும்போதும் விரல் அதையே தட்டும்.

டெபியனில் இந்தப் பழக்கத்துக்கு முறையான கருவியே இருக்கிறது. ஈக்விவ்ஸ் என்று பெயர். உள்ளே ஒன்றுமில்லாத பொதி ஒன்றைச் செய்து, ‘நீ கேட்கும் சார்பு நான்தான்’ என்று சொல்லவைக்கும். சார்புச் சோதனை மகிழ்ச்சியோடு கடந்துபோகும். சட்டப்படி போலிச் சான்று தயாரிக்கும் வசதி!

இந்தக் கதையெல்லாம் 2024 மார்ச் 29 அன்று வேறு முகம் காட்டியது. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தை உருவாக்குபவர்களில் ஒருவரான ஆன்ட்ரெஸ் ஃபிராய்ண்ட், தன் டெபியன் கணினியில் எஸ்எஸ்எச் வழியாக நுழைவது சுமார் அரை நொடி தாமதமாவதைக் கவனித்து, ஏன் என்று குடைந்துகொண்டே போனார். எக்ஸ்இசட் என்ற தரவுச் சுருக்க மென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் ஒரு கள்ளக்கதவு வைக்கப்பட்டிருந்தது. அதற்குரிய சாவி வைத்திருப்பவர், அந்தப் பதிப்பு ஏறிய சர்வருக்குள் கடவுச்சொல் இல்லாமலே நுழைந்து எதையும் செய்யலாம். ஜியா டான் என்ற பெயரில் வந்தவர் இரண்டு ஆண்டுக்கும் மேலாக அந்தத் திட்டத்துக்கு உழைத்து நம்பிக்கை சம்பாதித்தபின் அதைச் செருகியிருந்தார். நிலையான பதிப்புகளுக்குப் பரவும் முன்பே பிடிபட்டது உலகத்தின் நல்ல காலம்.

எஸ்எஸ்எச் என்பது தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையும் வாசல். தரவைச் சுருக்கும் எக்ஸ்இசட் நூலகத்தோடு அதற்கு என்ன உறவு? அந்த வாசலைத் தரும் மென்பொருளான ஓப்பன்எஸ்எஸ்எச்-ஐ எழுதியவர்களைக் கேட்டால், ஒரு உறவும் இல்லை. ஆனால் டெபியன், ஃபெடோரா போன்ற வினியோகங்கள் அதில் ஒரு சின்ன ஒட்டுப் போட்டிருந்தன. லினக்ஸில் சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டிக்கு ‘நான் தயாராகிவிட்டேன்’ என்று ஒரு வார்த்தை சொல்வதற்காக அந்த ஒட்டு. உள்ளூர் சாக்கெட் ஒன்றில் ஒரு வரி எழுதினால் முடிகிற வேலை. அந்த ஒரு வரிக்காக சிஸ்டம்டியின் முழு நூலகத்தையும் இணைத்தார்கள். அந்த நூலகத்துக்குச் சுருக்கப்பட்ட பதிவேடுகளைப் படிக்கும் வேலையும் உண்டென்பதால், அது எக்ஸ்இசட் நூலகத்தை இழுத்துவந்தது. ஆக, எஸ்எஸ்எச் வாசல் திறக்கும் ஒவ்வொரு முறையும், அதற்குத் துளியும் தேவைப்படாத நூலகம் ஒன்று அதே நினைவகத்தில் வந்து உட்கார்ந்தது. கள்ளன் வந்தது அந்த வழியாகத்தான்.

ஒளிந்த இடத்தையும் பாருங்கள். நச்சு வரிகளை ஓடவிடும் முதல் துணுக்கு, எல்லோரும் படிக்கும் மூல நிரல் களஞ்சியத்தில் இல்லை. வெளியீட்டுத் தொகுப்பில் மட்டும், ஆட்டோகான்ஃப் வகைச் சோதனைகள் எழுதப்பட்ட ஒரு கோப்பில் இருந்தது. அர்த்தமில்லாத கேள்விகளைக் கேட்டுக்கொண்டிருக்கும் இந்த வகைக் கோப்புகளை இத்தனை காலமாக யாரும் படித்ததில்லை. ஒளிவதற்கு அதைவிட நல்ல புதர் கிடைக்காது. இன்னொரு சேட்டையும் நடந்தது. லேண்ட்லாக் என்ற லினக்ஸ் காவல் வசதி இருந்தால் பயன்படுத்து என்று ஒரு சோதனை. அதற்கான சோதனை நிரலில் ஒற்றைப் புள்ளி ஒன்றைச் செருகிவைத்தார்கள். புள்ளியால் சோதனை நிரல் தொகுக்கப்படாது. தொகுக்கப்படாததால் ‘வசதி இல்லை’ என்ற விடை வரும். காவல் சத்தமில்லாமல் அணைந்துவிடும். தோல்வியைக் கத்திச் சொல்லாத சோதனை எந்த அளவுக்குப் போகும் என்பதற்கு இந்த ஒரு புள்ளி போதும்.

அதன்பின் 2024 ஜூனில் வந்த சிஸ்டம்டி 256, சுருக்க நூலகங்களை எப்போதும் கூடவே சுமக்காமல், உண்மையில் வேண்டிய நேரத்தில் மட்டும் அழைக்கும்படி மாறியது. ஜூலையில் வந்த ஓப்பன்எஸ்எஸ்எச் 9.8, அந்த ஒரு வரியைத் தானே எழுதிக்கொண்டது. சிஸ்டம்டி நூலகம் தேவையில்லை.

எல்லாச் சோதனையையும் தூக்கிவிடலாம் என்று இதற்குப் பொருளல்ல. ஆப்ட், தான் இறக்கும் பொதிப் பட்டியல் உரியவரின் கையொப்பத்தோடு வந்திருக்கிறதா என்று பார்ப்பது ஒரு நாளும் விடக்கூடாத சோதனை. வருத்தம் என்னவென்றால், மற்றவற்றால் சலித்துப்போனவர்கள் இதையும் சேர்த்தே அணைத்துவைக்கிறார்கள். மாறாக, வட்டில் இடம் இருக்கிறதா என்று நிறுவும் முன் கேட்பது பாதி அலங்காரம். கேட்ட நொடிக்கும் எழுதும் நொடிக்கும் இடையில் வேறொரு நிரல் அந்த இடத்தை நிரப்பிவிடலாம். எழுதும்போது தோற்றால் பழைய நிலைக்குச் சுத்தமாகத் திரும்பத் தெரிந்த கருவிக்கு முன்கூட்டிய விசாரணை குறைவாகவே தேவைப்படும். ஒரு சோதனை வேண்டுமா என்று எடைபோட நான் கேட்பது ஒன்றுதான்: இது ‘இல்லை’ என்று சொன்னபின்னும் நிறுவினால், என்ன உடையும்? பெயர் சொல்லி விடை சொல்ல முடிந்தால் சோதனை இருக்கட்டும். ‘எதற்கும் இருக்கட்டுமே’ என்பது விடையாகாது.

விடை தேடிப் பார்க்க விரும்புபவருக்கு டெபியன் வழிவந்த எந்தக் கணினியிலும் ஒரு வசதி உண்டு. ஆப்டிட்யூட் என்ற கருவியை நிறுவிக்கொண்டு, ‘ஒய்’ என்ற துணைக்கட்டளையோடு பொதியின் பெயரைக் கொடுத்தால், அது எதனால் உள்ளே வந்தது என்று சங்கிலி சங்கிலியாகக் காட்டும். ஒவ்வொரு கண்ணியிலும் அது கட்டாயச் சார்பா, பரிந்துரையா, வெறும் யோசனையா என்றும் எழுதியிருக்கும். கட்டாயமே இல்லாத கண்ணி ஒன்று நடுவில் தட்டுப்பட்டால், அதற்குக் கீழே உள்ளவற்றை நீக்க என்ன வழி என்று அங்கிருந்து தொடங்கலாம்.